குயிக் க்வெஸ்சன் முதல் பஸ் ஃபேக்டர் வரை: வேலையிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் சொல்லிக் கொடுக்கவும் ஆங்கிலம்

நான் ஒரு டெக்னிக்கல் ரைட்டர். ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று அதை உருவாக்கியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பயன்படுத்தப் போகிறவர்களுக்குக் கையேடு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆக, அடுத்தவர் தலைக்குள் இருப்பதை வெளியே வரவழைப்பதுதான் என் பிழைப்பு. நான் கேள்வி கேட்கும் பொறியாளர்கள் பல நாட்டுக்காரர்கள். எல்லாருமே நேரமில்லாதவர்கள். அவர்களோடு பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்தான்.

இதற்கான ஆங்கிலத் தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலில் எல்லாத் தொடரும் ஒரே எடையில் இருக்கும். பேச்சில் அப்படி இல்லை. ஒரு தொடர் எதிரில் இருப்பவரிடம் 2 நிமிடம் கேட்கும், இன்னொன்று 2 வாரம் கேட்கும். அந்த அளவு தெரியாமல் பேசினால், இலக்கணம் சரியாக இருந்தும் பதில் வராது. அதனால் ஒவ்வொரு தொடரையும் அது கேட்கும் நேரத்தோடும், அதைச் சொல்லத்தக்க உறவோடும் சேர்த்தே படியுங்கள்.

கேட்பது: சின்னதிலிருந்து பெரியதுக்கு

ஒற்றைத் தகவல் போதுமென்றால் "குயிக் க்வெஸ்சன்" என்று தொடங்கலாம். "குயிக் க்வெஸ்சன்: வேர் டூ தி எரர் லாக்ஸ் லிவ்?" பிழைப் பதிவுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. கோப்போ ஆவணமோ வைக்கப்பட்டிருக்கும் இடத்தைச் சொல்ல 'லிவ்' என்ற வினை அலுவலகப் பேச்சில் சர்வ சாதாரணம். ஆனால் குயிக் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்துக்கு இழுக்காதீர்கள். அடுத்த முறை உங்கள் குயிக் செல்லாது.

அடுத்த படி "பிக் யுவர் பிரெயின்". அனுபவம் உள்ள ஒருவரிடம் கருத்தும் யோசனையும் கேட்பது. நட்பான தொடர், பழகியவரிடம் தாராளமாகச் சொல்லலாம். முன்பின் தெரியாத நிபுணருக்கு முதல் மின்னஞ்சலிலேயே இப்படி எழுதினால், ஓசியில் ஆலோசனை கேட்கிறார்கள் என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. நான் இதைத் தனியாக விடுவதே இல்லை. எதைப் பற்றி, எவ்வளவு நேரம், அதுவரை நானே என்ன பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதுவேன். "குட் ஐ பிக் யுவர் பிரெயின் அபவுட் ரீஃபண்ட்ஸ்? 15 மினிட்ஸ் வுட் டூ. ஐ ஹேவ் ரெட் தி டிசைன் டாக், பட் ஐ அம் ஸ்டக் ஆன் பார்ஷியல் ரீஃபண்ட்ஸ்." இதில் காரியத்தைச் சாதிப்பது கடைசி வாக்கியம். படித்துவிட்டு வந்திருக்கிறார், இந்த இடத்தில் மட்டும் சிக்கியிருக்கிறார் என்று தெரிந்தால் யாருக்கும் உதவத் தோன்றும். பழக்கமில்லாத மூத்தவர் என்றால் தொடரையே மாற்றி "ஐ வுட் வேல்யூ யுவர் வியூ ஆன் திஸ்" என்று எழுதிவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது "வாக் மீ த்ரூ". ஒரு செயலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிப்படியாகக் காட்டச் சொல்வது. "குட் யூ வாக் மீ த்ரூ வாட் ஹேப்பன்ஸ் வென் எ பேமென்ட் ஃபெயில்ஸ்?" எக்ஸ்ப்ளெயின் என்று கேட்டால் நிபுணர் சுருக்கமாக ஒரு தத்துவம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வாக் மீ த்ரூ என்றால் திரையைப் பகிர்ந்து, இதை அழுத்துவேன், அப்புறம் இது வரும் என்று செய்துகாட்டத் தொடங்குவார். எந்த ஆவணத்திலும் இல்லாத படிகள் அப்போதுதான் வெளியே வரும். இதன் கூடவே இரண்டு உண்டு. "டாக் மீ த்ரூ" என்றால் வாய்வார்த்தையாகச் சொல்வது. "ரன் மீ த்ரூ" என்றால் வேகமாக, மேலோட்டமாக. இங்கே கவனம் வேண்டும்: "கேன் ஐ ரன் சம்திங் பை யூ?" என்பது வேறு சங்கதி. நான் ஒரு யோசனை சொல்கிறேன், கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று பொருள். த்ரூ போய் பை வந்ததும், யார் சொல்பவர், யார் கேட்பவர் என்பதே தலைகீழாகிவிட்டது.

நடந்துகொண்டிருக்கும் திட்டத்தில் பாதியில் சேர்ந்தால் "குட் யூ பிரிங் மீ அப் டு ஸ்பீட்?" என்று கேளுங்கள். இதற்கு ஒரு கூட்டமும் சில ஆவணங்களும் தேவைப்படும். நீங்களே படித்துத் தேறிக்கொள்வதாக இருந்தால் "ஐ வில் கெட் அப் டு ஸ்பீட் பை மண்டே". இன்னும் பெரியது "ஷோ மீ தி ரோப்ஸ்". பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதற்கு என்று புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதிலிருந்து வந்தது என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். ஒரு வேலையையே பழக்கிவிடுவது, வாரக்கணக்கில் ஆகும். ஒரு பொத்தான் எங்கே என்று கேட்க இதைப் பயன்படுத்தினால் சிரிப்பு வரும். நன்றி சொல்லும் இடத்தில்தான் இது நன்றாகப் பொருந்துகிறது: "ஷீ ஷோட் மீ தி ரோப்ஸ் வென் ஐ ஜாயின்ட்."

கேட்டுக்கொண்டிருக்கும்போது புரியாமல் போனால் "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்பதைவிட "யூ லாஸ்ட் மீ அட் தி செகண்ட் ஸ்டெப்" சிறந்தது. எங்கே பிடி நழுவியது என்பதை அது சொல்லிவிடுகிறது, சொல்பவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. முடிவில் "லெட் மீ ப்ளே தட் பேக் டு யூ" என்று சொல்லி, கேட்டதை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் எந்தச் சந்திப்பையும் முடிப்பதில்லை. "கரெக்ட் மீ இஃப் ஐ அம் ராங்" என்பதும் இங்கே உதவும். ஆனால் சிலர் அதைச் சண்டைக்கு முன்னுரையாகப் பயன்படுத்துவார்கள், குரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் உள்ளே இருந்து இழுக்கும் இடங்கள்

"எக்ஸ்ப்ளெயின் மீ" என்பது நம்மவர்கள் வாயில் அடிக்கடி வருவது. எனக்கு விளக்குங்கள் என்பதில் உள்ள 'கு' அங்கே இல்லை. கண்டிப்பாகப் பார்த்தால் "என்னை விளக்கு" என்றாகிவிடும். "எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ" என்பதே சரி. ஷேர் என்ற வினைக்கு டு கிடையாது, வித்: "குட் யூ ஷேர் தி நோட்ஸ் வித் மீ?" டிஸ்கஸ் என்ற வினைக்கு எதுவுமே வேண்டாம். நமக்கு 'பற்றி' இல்லாமல் விவாதிக்க வராது, அதனால் டிஸ்கஸ் அபவுட் என்று வந்துவிடுகிறது. "லெட் அஸ் டிஸ்கஸ் தி ரிலீஸ்" போதும். அபவுட் போட்டே ஆக வேண்டுமென்று கை துடித்தால் டாக் அபவுட் இருக்கிறது.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக், நாலெட்ஜ் ஆகிய நான்கும் எண்ண முடியாத பெயர்கள். இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், ஃபீட்பேக்ஸ் எல்லாம் தவறு. ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்". இந்தத் துறையில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்களே இவைதான் என்பதால், இதை மட்டும் திருத்திக்கொண்டாலே எழுத்து பாதி தெளிந்துவிடும்.

"ஐ ஹேவ் எ டவுட்" நம் வகுப்பறை ஆங்கிலம். சந்தேகம் என்ற நம் சொல், தெரியாததைக் கேட்பதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் இரண்டுக்கும் பொருந்தும். டவுட் அப்படியல்ல. "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்" என்று எழுதினால், உன் வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கையில்லை என்று படித்துவிடுவார்கள். க்வெஸ்சன் என்று போடுங்கள். இதேபோல் "ப்ளீஸ் ரிவர்ட்". பதில் அனுப்புங்கள் என்று நினைத்து நாம் எழுதுகிறோம். நிரலாளருக்கு ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தைப் பழையபடி ஆக்குவது. அவர் நிஜமாகவே ஆக்கிவிடக்கூடும். "ப்ளீஸ் ரிப்ளை" அல்லது "லெட் மீ நோ" பாதுகாப்பானது.

சொல்லிக் கொடுக்கும் பக்கம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1990-ல் எலிசபெத் நியூட்டன் ஒரு ஆய்வு செய்தார். சிலர் நன்கு தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்கு வெறும் டொக்டொக். இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் "தி கர்ஸ் ஆஃப் நாலெட்ஜ்" என்று பெயர். தெரிந்தவர், தெரியாதவரின் நிலையை மறந்துபோவது.

ஆகவே சொல்லிக் கொடுக்கும்போது நடுநடுவே நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதில்தான் நாகரிகம். "டிட் யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் பள்ளி வாத்தியார் மாதிரி இருக்கும். எல்லாரும் எஸ் என்றுதான் சொல்வார்கள். "டஸ் தட் மேக் சென்ஸ்?" என்றால் பழியை என் விளக்கத்தின் மேல் போட்டுக்கொள்கிறேன். "எனி க்வெஸ்சன்ஸ்?" என்று கேட்டு மௌனம் கிடைத்தால், "வாட் க்வெஸ்சன்ஸ் டூ யூ ஹேவ்?" என்று மாற்றிப் பாருங்கள். கேள்வி இருக்கத்தான் செய்யும் என்று இது ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிடுகிறது. தொடக்கத்திலேயே "ஸ்டாப் மீ எனி டைம்" என்று சொல்லி வைப்பதும் நல்லது.

தெரியாததைச் சொல்வதற்கும் படிகள் உண்டு. "ஆஃப் தி டாப் ஆஃப் மை ஹெட்" என்றால் சரிபார்க்காமல் நினைவிலிருந்து சொல்கிறேன் என்று அர்த்தம், இதை அப்படியே ஆவணத்தில் எழுதிவிடாதே என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. "ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ" சற்று உறுதி கூடியது. "டு தி பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்" படிவங்களுக்கும் சட்டக் கடிதங்களுக்கும் உரியது, சாட்டில் எழுதினால் வக்கீல் வந்துவிட்டாரோ என்று இருக்கும். சுத்தமாகத் தெரியவில்லை என்றால் "ஐ அம் நாட் தி பெஸ்ட் பர்சன் ஃபார் திஸ்" என்று சொல்லி, சரியான ஆளைக் காட்டிவிடுங்கள். அந்தச் சரியான ஆளுக்கு "கோ-டு பர்சன்" என்று பெயர். "ஐ வில் கெட் பேக் டு யூ" என்றால் கூடவே கிழமையும் சொல்லுங்கள், கிழமை இல்லாத கெட் பேக்கை யாரும் நம்புவதில்லை.

லூப் குடும்பம்

இதில் மூன்று தெரிந்தால் போதும். "கீப் மீ இன் தி லூப்" என்றால் நடப்பதை அவ்வப்போது எனக்கும் தெரியப்படுத்துங்கள். "லெட் மீ லூப் ஹர் இன்" என்றால் அவரையும் இந்த உரையாடலில் சேர்க்கிறேன், மின்னஞ்சலில் சிசி போடும்போது எழுதுவது. "க்ளோஸ் தி லூப்" என்றால் கேட்டவருக்கு முடிவைச் சொல்லிக் கணக்கை முடிப்பது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு உதவியவருக்கு "ஜஸ்ட் க்ளோசிங் தி லூப்: யுவர் ஃபிக்ஸ் வொர்க்ட்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், அடுத்த கேள்விக்குப் பதில் விரைவாக வரும்.

முன்கூட்டிய தகவலுக்கு "ஹெட்ஸ்-அப்". "ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்: தி சர்வர் வில் பி டவுன் டுநைட்." இதில் உள்ள எஸ்-ஐ விட்டுவிட்டு ஹெட் அப் என்றால் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குவது. ஆஸ்திரேலியர்களோடு வேலை செய்தால் "ஆர் யூ அக்ராஸ் திஸ்?" என்று கேட்பார்கள். இந்த விவகாரம் முழுக்கத் தெரியுமா என்பது கேள்வி, ஆற்றைக் கடப்பதோடு சம்பந்தமில்லை. கூட்டத்தில் "லெட் அஸ் டேக் திஸ் ஆஃப்லைன்" என்று கேட்டால் இணையத்தைத் துண்டிக்காதீர்கள். இதை அப்புறம் நாம் இருவர் மட்டும் பேசுவோம் என்பதுதான். டச் பேஸ் (சுருக்கமாகத் தொடர்புகொள்வது), சர்க்கிள் பேக் (இதே விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருவது) இரண்டையும் நான் தவிர்க்கிறேன். புரியாமல் இல்லை, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டன.

ஆள் கிளம்பும்போது

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதோ வேறு குழுவுக்கு மாறும்போதோ நடக்கும் பொறுப்பு ஒப்படைப்பு, பிரிட்டிஷ் வழக்கில் ஹேண்ட்ஓவர், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஹேண்ட்ஆஃப். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதைக் கேடி என்று சுருக்குவது நம் ஐடி அலுவலகங்களில் சகஜம், வெளியே எல்லாருக்கும் புரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுதாகவே சொல்லுங்கள்.

இங்கே தெரிந்திருக்க வேண்டிய இணை, எக்ஸ்ப்ளிசிட் நாலெட்ஜும் டேசிட் நாலெட்ஜும். முதலாவது எழுதி வைக்கக்கூடியது. இரண்டாவது கைப்பழக்கத்திலும் கண் கணிப்பிலும் இருப்பது. வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி இரண்டாவதைப் பற்றி விரிவாக எழுதியவர். நாம் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரியும் என்பது அவர் கருத்து. எழுதச் சொன்னால் வராத அறிவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். "கேன் ஐ ஷேடோ யூ ஃபார் எ டே?" என்றால் நாள் முழுக்கக் கூடவே இருந்து வேலையைப் பார்க்கிறேன் என்று அனுமதி கேட்பது. பிறகு இடம் மாறி, நான் செய்கிறேன் நீங்கள் பாருங்கள் என்றால் அது ரிவர்ஸ் ஷேடோயிங். "பிரெயின் டம்ப்" என்பது தெரிந்ததையெல்லாம் ஒழுங்கில்லாமல் கொட்டிவிடுவது. நேரமில்லாதபோது "ஜஸ்ட் டூ எ பிரெயின் டம்ப், ஐ வில் டைடி இட் அப்" என்று கேட்டுவிட்டு நான் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துவேன். அழகாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால் வராத மனிதரிடமிருந்தும் இது வந்துவிடுகிறது.

எத்தனை பேர் திடீரென்று இல்லாமல் போனால் வேலை நின்றுபோகும் என்ற எண்ணுக்கு "பஸ் ஃபேக்டர்" என்று பெயர். பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமை பஸ் இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று 1994-லேயே அதன் பயனர்களிடையே கேள்வி எழுந்தது. விபத்தை நினைவுபடுத்த வேண்டாமே என்று "லாட்டரி ஃபேக்டர்" என்பவர்களும் உண்டு, பரிசு விழுந்து வேலையை விட்டுவிட்டால் என்ற கணக்கில். ஒருவரிடம் நேராகப் பேசும்போது நான் லாட்டரியைத்தான் எடுப்பேன். "வாட் இஃப் யூ வின் தி லாட்டரி?" என்றால் சிரித்துக்கொண்டே பட்டியல் போடுவார்.

பார்த்துப் பயன்படுத்த வேண்டியவை

எழுதப்படாமல் சிலருக்கு மட்டும் தெரிந்ததை "டிரைபல் நாலெட்ஜ்" என்பது பழைய வழக்கம். பழங்குடியினரைக் குறைத்துச் சொல்வதுபோல் இருக்கிறது என்று பலரும் இப்போது தவிர்க்கிறார்கள். "அன்டாக்யுமென்டட் நாலெட்ஜ்" என்றால் விஷயம் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே நடத்தும் பகிர்வுக் கூட்டத்துக்கு "பிரவுன் பேக்" என்பார்கள். பழுப்புக் காகிதப் பையைத் தோல் நிறத்தோடு ஒப்பிட்டு ஆட்களை ஒதுக்கிய கதைகள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், சியாட்டில் நகர நிர்வாகத்தின் ஒரு குறிப்பு 2013-ல் வேறு சொல்லைப் பரிந்துரைத்தது. "லஞ்ச் அண்ட் லேர்ன்" என்று சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை.

டேபிள் என்ற வினை இன்னும் மோசம். பிரிட்டிஷ்காரர் "லெட் அஸ் டேபிள் திஸ்" என்றால் இப்போதே விவாதத்துக்கு எடுப்போம். அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்குத் தள்ளிவைப்போம். இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். எஸ்எம்இ என்ற சுருக்கமும் அப்படித்தான்: ஒரு துறையில் ஆழம் தெரிந்தவர் என்றும் பொருள், சிறு மற்றும் நடுத்தர நிறுவனம் என்றும் பொருள். ஸ்மீ என்று ஒரே சொல்லாக உச்சரிப்பவர்களும் உண்டு, முதல் முறை கேட்டால் திகைக்க வேண்டாம்.

குறை சொல்லவும் சொற்கள் தேவைப்படும். குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தால் "வி ஆர் வொர்க்கிங் இன் சைலோஸ்". ஏற்கெனவே ஒருவர் செய்து முடித்ததை இன்னொருவர் முதலிலிருந்து செய்தால் "ரீஇன்வென்டிங் தி வீல்". பழசாகிப்போன ஆவணம் "ஸ்டேல்". இவை எல்லாம் ஆளைச் சுட்டாமல் நிலைமையைச் சுட்டுபவை, அதனால் கூட்டத்தில் சொல்லலாம். "ஹி இஸ் ஹோர்டிங் நாலெட்ஜ்", அதாவது தெரிந்ததைப் பதுக்குகிறார் என்பது நேரடிக் குற்றச்சாட்டு. எழுத்தில் வேண்டவே வேண்டாம். "குட் வி கெட் திஸ் ரிட்டன் டவுன் சம்வேர்?" என்று கேட்டால் அதே காரியம் நடக்கும். சம்வேர் என்பது பெரும்பாலும் ஒரு விக்கிதான், அதாவது குழுவில் உள்ளவர்களே எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள். முதல் விக்கியை உருவாக்கிய வார்ட் கன்னிங்காம் 1995-ல் தன் தளத்துக்கு அந்தப் பெயரை வைத்தபோது, ஹவாய் மொழியில் விரைவு என்று பொருள்படும் சொல்லை எடுத்தார். பல அலுவலக விக்கிகளின் வேகத்தைப் பார்த்தால் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

பேசி முடித்த பிறகு

சந்திப்பு முடிந்த அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "தேங்க்ஸ் ஃபார் வாக்கிங் மீ த்ரூ தி ரீஃபண்ட் ப்ராசஸ். ஹியர் இஸ் மை அண்டர்ஸ்டாண்டிங்." அதன் கீழே நான் புரிந்துகொண்டதை நாலைந்து வரியில் எழுதுவேன். பிறகு "டூ ஓப்பன் க்வெஸ்சன்ஸ்" என்று இன்னும் தீராதவை. கடைசியில் "இஃப் ஐ ஹேவ் காட் எனிதிங் ராங், ப்ளீஸ் ஷவுட்." ஷவுட் என்றால் கத்தச் சொல்வதல்ல, தயங்காமல் சொல்லுங்கள் என்பதுதான். பழகியவர்களுக்கு மட்டும் அந்தச் சொல். மற்றவர்களுக்கு "ப்ளீஸ் லெட் மீ நோ பை ஃப்ரைடே, ஆஃப்டர் விச் ஐ வில் பப்ளிஷ் இட்" என்று நாளோடு எழுதுங்கள். பதில் போடாதவர்கள்கூட வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் திருத்தம் அனுப்பிவிடுவார்கள்.